மணிக்கூண்டுக் கேமராவின் கீழே

சலவை நிலையத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைப்பது இயந்திரம், காயவைப்பது வெயில், தேய்ப்பது இஸ்திரிக்காரர். மடிப்பது மட்டும் இவள். இரட்டைக் கட்டில் விரிப்பின் ஒரு முனையை மேசை ஓரத்து ஆணியில் மாட்டிவிட்டு, தனியாளாக நாலே வீச்சில் மடித்து அடுக்கிவிடுவாள். "இவ மடிச்ச துணிய விரிக்கவே மனசு வராது" என்று ஓட்டல்காரர்களே சொல்வார்கள். அவளுடைய உண்மைப் பெயர் முதலாளியம்மாவுக்கு மட்டும் தெரியும். அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை.

நான்கு வயது மகளோடும் ஒரே ஒரு பையோடும், பதினொரு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து இந்த ஊருக்கு வந்தவள் அவள். விட்டுவிட்டு வந்ததும் கடலோர ஊர்தான். அங்கே படகுத்துறையில் அவள் கணவன் டிக்கெட் பரிசோதகன். வயதானவர்களைக் கைபிடித்துப் படகில் ஏற்றிவிடுவான், குழந்தைகளைத் தூக்கி அந்தப் பக்கம் வைப்பான். ஊருக்கு உபகாரி. வீட்டில் இரண்டு முறை அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தியிருக்கிறான். முதல் முறை அவள் காவல் நிலையத்துக்குப் போனபோது, "குடும்பம்னா நாலும் இருக்கும், பேசித் தீத்துக்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை, பால் டம்ளரோடு மகள் அறை வாசலில் வந்து நின்றாள். குழந்தை அழவில்லை, பாலையும் சிந்தவில்லை. அப்பா கையை எடுக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, உட்கார்ந்து பாலைக் குடிக்க ஆரம்பித்தாள். கழுத்து வலியைவிட அந்தக் காட்சிதான் அவளுக்குக் குலை நடுக்கத்தைக் கொடுத்தது. மறுநாள் அவன் வேலைக்குப் போன கையோடு கிளம்பிவிட்டாள். போன இடம் அவளுடைய சித்தி மகள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

சலவை நிலையம் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. செல்போன் கடை, ஜூஸ் கடை, செருப்புக் கடை, குடைக் கடை, கடைசியாக வாசலில் ஒரு மரத்தோடு சலவை நிலையம் என்று ஒரே வரிசை. எதிரே மணிக்கூண்டு, அதற்கு அப்பால் கடல். அவள் வந்து இரண்டு வருஷம் கழித்துச் சுற்றுலா அலுவலகத்துக்காரர்கள் மணிக்கூண்டின் மேல், கடலோடு சாலையும் கடை வரிசையும் தெரியும்படி ஒரு கேமராவை வைத்து, 'நம் கடற்கரையை உலகமே நேரலையில் பார்க்கிறது' என்று ஒரு பலகையையும் நட்டுவிட்டுப் போனார்கள். இஸ்திரிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வெளிநாட்டில் இருக்கும் தன் சகலையைப் போனில் கூப்பிட்டு, கேமராவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே, "தெரியுதா? சட்டை கலரு தெரியுதா?" என்று கத்தினார்.

"உலகமே பாக்குதுன்னா, நம்மள ஒருத்தரும் பாக்கலன்னு அர்த்தம். உள்ள வந்து வேலையப் பாருங்க" என்றார் முதலாளியம்மா.

அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள், சித்தி மகளிடமிருந்து ஒரு படம் வரும்வரை.

சொந்தக்காரர்களின் செல்போன் குரூப்பில் யாரோ ஒரு மாமா, 'அடுத்த மாசம் இந்த ஊருக்குத்தான் டூர்' என்று எழுதி, மணிக்கூண்டுக் கேமராவில் தெரிந்த காட்சியைப் படமெடுத்துப் போட்டிருந்தார். கடல், படகுகள், வெயில். படத்தின் ஓரத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு பெண், வெள்ளைத் துணி மூட்டையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு நடந்துபோகிறாள். அதற்குக் கீழே சித்தி மகள் கேட்டிருந்தாள்: 'அக்கா, இது நீதானே?'

அவள் உடனே போன் போட்டாள். "அந்தக் குரூப்புல அவரும் இருக்காரா?"

"இருக்காரு. ஆனா பாத்த மாதிரி தெரியலக்கா. யாரும் எதுவும் சொல்லல. நான் எதேச்சையாப் பாத்தேன்."

"நீ கண்டுபுடிச்சிட்டியே."

"நான் உன்கூட வளந்தவ. தோள் சாயறத வச்சுக் கண்டுபுடிச்சேன்."

அவனும் ஏழு வருஷம் கூட வாழ்ந்தவன்தான். இதை நினைத்துக்கொண்டே அவள் போனை வைத்தாள்.

அன்றிலிருந்து முன்வாசல் வழியே வருவதை நிறுத்தினாள். பின்சந்து வழியாக, துணி காயும் முற்றத்துக் கதவைத் தட்டி உள்ளே வருவாள். ஆனால் மூன்று இருபதுக்கு மகளின் பள்ளி வேன் மணிக்கூண்டடியில்தான் நிற்கும். அதற்கு மட்டும் வெளியே போய்த்தான் ஆக வேண்டும். பக்கத்துக் குடைக் கடையில் ஒரு பெரிய கறுப்புக் குடை வாங்கினாள். குடைக்கடைக்காரிக்கும் இவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சலவைத் தண்ணீர் தன் கடை வாசலில் ஓடுகிறது என்று நாளுக்கு ஒரு சண்டை போடுகிறவள் அவள். "மழையும் இல்ல, வெயிலும் இல்ல, எதுக்கு இம்மாம் பெரிய குடை?" என்று முறைத்தபடியே கொடுத்தாள்.

அந்தக் கேமராவில் என்னதான் தெரிகிறது என்று பார்க்கத்தான் முதலில் அந்த வலைத்தளத்தைத் திறந்தாள். அதில் உலகத்துக் கடலோர நகரங்கள் எல்லாம் வரிசை கட்டி நின்றன. கலங்கரை விளக்கங்கள், பாலங்கள், பனி மிதக்கும் துறைமுகம், ஆளில்லாத மணல்வெளி. விரலால் தள்ளிக்கொண்டே போனவள் ஒரு படத்தில் நின்றாள். அவள் விட்டுவந்த ஊரின் படகுத்துறை. பச்சை இரும்பு வாசல். வாசலில் அவன்.

செல்போனைத் துணி மூட்டைக்குள் வீசிவிட்டு, சுவரோடு ஒண்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தோண்டி எடுத்துப் பார்த்தாள். அவன் ஒரு கிழவரைக் கைபிடித்து ஏற்றிக்கொண்டிருந்தான்.

பயந்தவளுக்கு அதிலும் ஒரு வழி கிடைத்தது. அவன் அந்த வாசலில் நிற்கும்வரை இந்த ஊரில் இல்லை. நடுவில் பதினொரு மணி நேரப் பயணம். காலை ஏழுக்கு ஒரு தடவை, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை, வேன் வருவதற்கு முன் ஒரு தடவை என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள். அவன் பிடரியைச் சொறிவது, கூட்டம் இல்லாத நேரத்தில் குனிந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருப்பது எல்லாம் பாடமாகிவிட்டது. அவனுக்கு வேலை விடுமுறையான நாளில் அவன் தெரியமாட்டான். அன்று மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல், கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவாள்.

"என்ன மடிப்பக்கா, எந்நேரமும் போன்ல? புது மாப்பிள்ளையா?" என்றார் இஸ்திரிக்காரர்.

"பழைய மாப்பிள்ளைதாண்ணே" என்றாள். அவர் அதை நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்தார்.

இந்த ஊர் மணிக்கூண்டுக் கேமராவையும் சோதித்து வைத்திருந்தாள். சாலையைக் கடந்து உள்ளே வந்து செல்போனைப் பார்த்தால், அதில் அவள் அப்போதுதான் கடந்துகொண்டிருப்பாள். நேரலை என்று பெயர்தானே தவிர, அரை நிமிஷம் பிந்தித்தான் ஓடியது.

இப்படி இரண்டு மாதம் போனது. ஒரு வியாழக்கிழமை, மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். மடிப்பு மேசையில் சாய்ந்துகொண்டு படகுத்துறையைப் பார்த்தாள். அவன் இருந்தான். ஒரு பெண்ணின் பை கிழிந்து ஆரஞ்சுப் பழங்கள் உருண்டோடின. ஒன்றை அவன் காலால் நிறுத்தி, குனிந்து எடுத்துக் கொடுத்தான். சரி என்று செல்போனை வைக்கப் போனவள் பாதியில் நிறுத்தினாள். நேற்றும் ஆரஞ்சு உருண்டது. நேற்றும் அவன் இடது காலால்தான் நிறுத்தினான்.

கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். படத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: 'பராமரிப்புப் பணி காரணமாக, முன்பு பதிவான காட்சி ஒளிபரப்பாகிறது.'

எத்தனை நாளாக? இரண்டு நாளாகவா, நாலு நாளாகவா? அவள் கும்பிடாத குறையாக நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தது, என்றைக்கோ நின்ற மனிதனை.

சித்தி மகளைக் கூப்பிட்டாள். "அவரு எங்க இருக்காருன்னு தெரியுமா?"

"ஏன்க்கா? வீடு ரெண்டு நாளாப் பூட்டிக் கெடக்குன்னு அத்தை சொன்னாங்க. வேலை விஷயமா வெளியூருன்னு..."

மீதியைக் கேட்காமல் துண்டித்துவிட்டு, மணிக்கூண்டுக் கேமராவைத் திறந்தாள். கடல் அமைதியாக இருந்தது. இரண்டு பேர் மணலில் நடந்தார்கள். மணிக்கூண்டின் நிழலில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். சாம்பல் நிறச் சட்டை, தோளில் சிறு பை. கை மெல்ல மேலே போய்ப் பிடரியைச் சொறிந்தது.

அடுக்கி வைத்திருந்த விரிப்புகளின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த அடுக்கு சரிந்து விழுந்த சத்தம் கேட்டுத்தான் இஸ்திரிக்காரரும் முதலாளியம்மாவும் ஓடிவந்தார்கள்.

"அவன் வந்துட்டான்மா" என்றாள். "வேன்... மூணு இருபதுக்கு வேன் வந்துரும்."

முதலாளியம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "ஷட்டர ஒரு முழம் விட்டு எறக்குங்க" என்று உத்தரவு போட்டுவிட்டு, காவல் நிலையத்துக்குப் போன் போட்டார். அவள் வேன் டிரைவருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது போனை எடுக்காத ஒழுங்கான மனிதர் அவர். அந்த ஒழுங்கைக் கண்டு அவள் அன்று பல்லைக் கடித்தாள்.

இஸ்திரிக்காரர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "வேன் இதுக்கு முந்தி எங்க நிக்கும்?"

"ஆஸ்பத்திரி வாசல்ல. அண்ணே, பாப்பா உங்ககூட வரமாட்டா. தெரியாதவங்ககூடப் போகக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

"என்னையா தெரியாது? தெனமும் எங்கிட்ட இருந்து மிட்டாய் புடுங்குறவ அவ." அவர் பின்முற்றம் வழியாக ஓடினார்.

அவள் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சாம்பல் சட்டை சாலையைக் கடந்தது. செல்போன் கடைக்குள் போனது, தலைகள் அசைந்தன, வெளியே வந்தது. கையில் இருந்த எதையோ காட்டிக்கொண்டு ஜூஸ் கடை. அங்கேயும் இல்லை என்று கையை விரித்தார்கள். எறும்பு அளவுக்குத் தெரிந்த அந்த உருவம் சத்தமே இல்லாமல் கடை கடையாக ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தது. செருப்புக் கடை. அவன் எந்தக் கடையில் இருக்கிறான் என்பதில்கூட அவளுக்கு நிச்சயம் இல்லை. அவள் பார்ப்பது அரை நிமிஷத்துக்கு முந்தைய அவனை. செல்போனில் அவன் குடைக் கடை முன் வந்து நின்றபோது, நிஜத்தில் ஷட்டருக்கு வெளியே நின்றுகொண்டிருக்கலாம். அவள் ஷட்டரையே பார்த்தாள். கீழே ஒரு முழம் வெளிச்சம். அதில் கால்கள் ஏதும் இல்லை.

மறுபடி செல்போன். குடைக்கடைக்காரி அவன் நீட்டியதை வாங்கி, முகத்தருகே கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாதா என்ன! முற்றத்துக் கதவு எங்கே என்பதுவரை தெரியும். காட்டிக்கொடுக்க அவளுக்கு நாளுக்கு ஒரு காரணம் இருந்தது. குடைக்கடைக்காரி கையை நீட்டினாள். அந்தக் கை சலவை நிலையத்துக்கு நேர் எதிர்ப்பக்கம், மீன்பிடித் துறையைக் காட்டியது. இன்னும் ஒரு தடவை, வலப்பக்கம் திரும்பணும் என்பதுபோல் வளைத்தும் காட்டியது. சாம்பல் சட்டை அந்தத் திசையில் வேகமாக நடந்து, படத்தின் விளிம்பைத் தாண்டி மறைந்தது.

மறைந்ததும் பயம் இரட்டிப்பானது. கண்ணுக்குத் தெரிந்தவரை அவன் ஓர் இடத்தில் இருந்தான். இப்போது எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அவள் ஓடிப்போய் முற்றத்துக் கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டாள். அதே நேரம் முன்பக்கம் ஷட்டரை யாரோ படபடவென்று தட்டினார்கள்.

"தொறங்க, நான்தான், குடைக்கடை."

முதலாளியம்மா ஷட்டரைத் தூக்கினார். குடைக்கடைக்காரி குனிந்து உள்ளே வந்தாள். "மீன் துறைக்கு அனுப்பியிருக்கேன். அங்க சுத்தி வர எப்படியும் இருபது நிமிஷம் ஆகும். போலீசுக்குச் சொல்லியாச்சா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அவள்.

"மழை இல்லாத நாள்ல குடைக்குள்ள ஒளியுற பொம்பளையப் பாத்தா எனக்குத் தெரியாதா? 'என் பொண்டாட்டி, மனசு சரியில்லாம வீட்ட விட்டு வந்துட்டா, பாத்தீங்களாம்மா'ன்னு பணிவாத்தான் கேட்டான். ஆனா போட்டோவக் காட்டும்போது விரல உன் முகத்துல வைக்கல. கழுத்துல வச்சிருந்தான். எனக்கு என்னமோ அது புடிக்கல."

அவளுடைய கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போனது. அந்தக் கதையை அவள் இந்த ஊரில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

மூன்று பதினெட்டுக்கு இஸ்திரிக்காரரின் போன் வந்தது. "வேன் ஆஸ்பத்திரியத் தாண்டிடுச்சு, விரட்டிப்போய்க் குறுக்க வண்டிய நிறுத்திட்டேன். டிரைவர் என்னைய அடிக்க வந்தாரு, அது வேற கதை. பாப்பா எங்கூடத்தான் இருக்கா. முதலாளியம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்தது நிற்கவும் இல்லை.

போலீஸ் மீன்பிடித் துறையில் அவனைப் பிடித்தபோது நாலு மணி ஆகிவிட்டது. அடையாளம் சொல்ல அவளும் காவல் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. முதலாளியம்மா ஒரு பக்கம், குடைக்கடைக்காரி மறுபக்கம். அவன் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆள் இளைத்திருந்தான். அவளைப் பார்த்துப் புன்னகை செய்தான்.

"என் குழந்தையப் பாக்கத்தான் வந்தேன் மேடம். வேற ஒண்ணும் இல்ல" என்றான் அவன், பெண் இன்ஸ்பெக்டரிடம்.

"இந்த ஊர்ல இருக்காங்கன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"குரூப்புல ஒரு போட்டோ வந்துது மேடம். அன்னைலேர்ந்து அந்தக் கேமராவ டெய்லி பாக்கறேன். மொத ரெண்டு நாள் காலைல மூட்டையோட வந்தா. அப்புறம் வரல. ஆனா மூணு இருபதுக்கு வேன்ல இருந்து பாப்பா எறங்குவா, ஒரு பெரிய கறுப்புக் குடை வந்து கூட்டிட்டுப் போகும். எந்தக் கடைக்குள்ள போகுதுன்னுதான் சரியாத் தெரியல. மரம் மறைக்குது."

இரண்டு மாதமாக அவன் அந்தப் பச்சை வாசலில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தது இவளைத்தான். அவன் அங்கே நிற்கிறான் என்று நிம்மதிப்பட்ட ஒவ்வொரு முறையும், அவனும் இவள் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. குடும்பச் சண்டையா?"

அவள் சொன்னாள். அவனைப் பார்க்காமல், மேசையில் காகிதங்களின் மேல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டைப் பார்த்துக்கொண்டு, மூன்று முறையையும் தேதியோடு சொன்னாள். பால் டம்ளர் வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, மறுபடி தொடங்கி முடித்தாள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். அவன் முகத்திலிருந்த புன்னகை எந்த இடத்தில் போனது என்று அவளுக்குத் தெரியாது. முதலாளியம்மாதான் பிறகு சொன்னார், இரண்டாவது தேதியில் என்று.

வழக்கு நடந்தது. அவன் அவளையோ மகளையோ நெருங்கக் கூடாது, இந்த ஊர் எல்லைக்குள்ளேயே வரக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. முதலாளியம்மா கடைக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிச் சுற்றுலா அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். நாலு மாதம் அலையவிட்ட பிறகு, ஒருவன் ஏணியோடு வந்து கேமராவைக் கடல் பக்கம் திருப்பினான். இப்போது அதில் அலையும் படகும்தான் தெரியும். சகலைக்கு இனிமேல் எப்படிக் கையாட்டுவது என்று இஸ்திரிக்காரருக்கு வருத்தம்.

தடை இருக்கிறது என்பதற்காகப் பயம் ஒரே நாளில் போய்விடுமா? பல மாதங்கள்வரை, சாம்பல் நிறச் சட்டை போட்ட யார் எதிரே வந்தாலும் அவள் கடைக்குள் ஏறி நின்றுவிடுவாள். பெரும்பாலும் அது குடைக் கடையாக இருக்கும். குடைக்கடைக்காரி எதுவும் கேட்காமல் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போடுவாள். பிறகு, சலவைத் தண்ணீரைப் பற்றித் திட்டத் தொடங்குவாள்.

போன மாதம் முதலாளியம்மா அவளைத் துணி வாங்கும் கவுன்டரில் உட்காரச் சொன்னார். தெருவைப் பார்த்த இடம். "வேணாம்மா, நான் உள்ளயே இருந்துக்கறேன்" என்றாள். "ஒரு நாள் உக்காந்து பாரு. புடிக்கலன்னா எழுந்து போயிடு" என்றார் அவர்.

முதல் நாள் அவள் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நிழல் விழும்போதெல்லாம் உடம்பு தூக்கிப்போட்டது. பதினேழு விரிப்பு வாங்கிக்கொண்டு சீட்டில் எழுபத்தொன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் அந்த ஓட்டல் ஆள் சீட்டை நீட்டி, எழுபத்தொரு விரிப்பும் வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"உங்க ஓட்டல்ல கட்டிலே இருபதுதான்யா இருக்கு! மீதி விரிப்ப எங்க, கடல்லயா விரிப்பீங்க?"

அவ்வளவு சத்தமாக அவள் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. உள்ளே இஸ்திரிக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். பக்கத்துக் கடையிலிருந்து குடைக்கடைக்காரி எட்டிப் பார்த்தாள். ஓட்டல் ஆள் தலையைச் சொறிந்துகொண்டு பதினேழை எண்ணி வாங்கிக்கொண்டு போனான். அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, அடுத்த சீட்டைக் கிழித்தாள்.